ஐந்தாவது மழைமானி

பாடசாலை முகாம்,
மஸ்கெலியா.
09.07.2024

அன்புத் தம்பி பிரதாப்,

அம்மாவும் நானும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அந்த அளவில் சுகம். உனக்குப் போர்வை தந்தார்களா, இருமல் குறைந்ததா என்பதை முதலில் எழுது.

உன்னைக் கொழும்பு மறியல் சிறைக்கு மாற்றியதே கடைக்காரர் பக்கீர் நானா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முதலில் வைத்திருந்த இடத்தில் நம் தோட்டத்தில் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் யாரோ உன் மேல் கை வைக்கப் பார்த்தார்களாமே. என் கால் இன்னும் பிளாஸ்டரில்தான் கிடக்கிறது. என் லப்டொப், போன் எல்லாம் இடிந்த சுவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. உனக்கும் அங்கே போன் கிடையாது. அதனால்தான் அக்காவும் தம்பியும் பழைய காலத்து ஆட்கள் மாதிரி கடதாசியில் பேச வேண்டியிருக்கிறது. நானா கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்கு வரும்போது இதைக் கொடுத்துவிடுவார்.

முகாமில் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசியது மீனம்மா அத்தை மட்டும்தான். அதுவும் பேச்சில்லை. எல்லாரும் பார்க்க என் பாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சு எடத்துல மழ டப்பா வச்சீங்க. தண்ணி கூடுனா ஸ்டோரு கூரையில சைரன் ஊதும், எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடியாந்துருங்கன்னு ஒன் தம்பிதானே வீடு வீடா வந்து சொன்னான். அத நம்பித்தான் எம் புருசனும் மகளும் வீட்டுல இருந்தாங்க. ஏன் ஊதல?"

தம்பி, அந்த மண்சரிவில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். "கவனக்குறைவால் மரணம்" என்று பொலிஸ் உன் பெயரை எழுதிவிட்டது. அது பொய் என்று நான் காட்டுவேன். சைரன் பட்டரி செத்திருக்கும். இல்லாவிட்டால் நீ வேலை செய்த தொண்டு நிறுவனம் மலிவான மழைமானிகளை உன் தலையில் கட்டியிருக்கும். கொழும்புக் கம்பெனிக்கு லயத்து வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் கொடுக்கிறவள் உன் அக்கா, மறந்துவிடாதே. அன்றைக்கு ஓடிய நிரலை நினைவில் இருக்கிறபடி எழுதி அனுப்பு. பிழை எங்கே என்று நான் கண்டுபிடிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. யாரோடும் வாய் கொடுக்காதே.

உன் அக்கா
நிஷாந்தி


கொழும்பு
28.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் நின்றுவிட்டது. அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? உங்கள் காலை ஊன்றாதீர்கள். டொக்டர் சொன்ன நாள் வரும் வரை பிளாஸ்டரை வெட்டவும் வேண்டாம்.

இங்கே வருகிற போகிற கடிதங்களை எல்லாம் படித்துப் பார்க்கிறார்கள். அதனால் நிரலைப் பற்றி அதிகம் எழுத முடியாது. எழுதவும் ஒன்றும் இல்லை அக்கா. அந்த முறை மழை அதிகம். மலை இளகிவிட்டது. யார் என்ன செய்ய முடியும்?

எனக்காகச் சட்டத்தரணி பிடித்து அலைய வேண்டாம். உங்கள் கம்பெனியில் சொல்லி வேறு லப்டொப் வாங்கி வேலையைத் தொடங்குங்கள். அம்மாவைப் பார்க்க இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

என்றும் உங்கள் தம்பி
பிரதாப்


மஸ்கெலியா
06.08.2024

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. எனக்கு வலி இப்போது காலில் இல்லை, தலையில். அதற்குக் காரணம் உன் கடிதம்.

மழை அதிகமாம், மலை இளகிவிட்டதாம். நல்ல கதை. மழை அதிகமானால் சொல்லத்தானேடா மழைமானி வைத்தோம்? வழக்குப் போட்டவனே இவ்வளவு சுலபமாக உன்னைக் கைவிடவில்லை, நீயே உன்னைக் கைவிடுகிறாய்.

நிரலில் பிழை இருக்காது என்று எனக்குத் தெரியும். ஏன் தெரியுமா? அதைக் கடைசியாகப் பார்த்தது நான். போன ஒக்டோபர் மழை நினைவிருக்கிறதா? மூன்று மானிகள் எல்லையைத் தாண்டின. உன் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரமாக மூன்று தரம் சைரனை ஊதியது. நம் தோட்டத்தில் விட்டு விட்டு ஊதினால் தேயிலை ஸ்டோரில் நெருப்பு என்றுதானே அர்த்தம். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அவ்வளவு சனமும் வாளியும் ஈரச் சாக்கும் தூக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில், நெருப்பணைக்க ஓடியது. பாடசாலைக்குப் போக வேண்டியவர்கள் மலையடியில் இருக்கிற ஸ்டோருக்குப் போய் நின்றார்கள். தோட்டத் தலைவர் ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று சிரித்தோம். மலை அன்று இறங்கவில்லை, அதனால் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நீதான் வந்து, "அக்கா, எத்தன மானி சொன்னாலும் சைரன் ஒரே ஒரு தரம் நீட்டி ஊதணும்" என்று கேட்டாய். உன் நிரலைப் பார்த்தால் மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தது. ஓரிடத்தில் இரண்டு இடைவெளி, ஓரிடத்தில் ஐந்து. வரிக்கு வரி குறிப்பு வேறு. பைத்தன் நிரல்மொழியில் ஒரு வரி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பதுதான் சட்டம், அதில் விளையாடக் கூடாது என்று திட்டினேன். எங்கள் கம்பெனி முறைப்படி எல்லாவற்றையும் நேராக்கி, வேண்டாததை வெட்டி, வாசிக்கிறவன் கண்ணுக்குக் கஷ்டமில்லாமல் செய்து தந்தேன். அதில் எப்படிப் பிழை வரும்?

ஆகவே பிழை வேறு எங்கோ இருக்கிறது. நிரலை எழுதி அனுப்பு. ஆங்கிலத்தில் எழுத விடாவிட்டால் தமிழில் எழுது, எனக்குப் புரியும். பக்கீர் நானாவின் மகன் அஸ்ஹர் சட்டத்தரணியாக இருக்கிறார் அல்லவா, அவர் உன் வழக்கை எடுத்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதியதை மனதில் வைக்காதே.

அக்கா
நிஷாந்தி


கொழும்பு
02.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவையும் உங்களையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே சாப்பாடு பழகிவிட்டது.

நீங்கள் கேட்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதை ஏதோ ரகசியச் சேதி என்று நினைத்துக் கொஞ்ச நாள் அனுப்பாமல் வைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி மாத்தயா வந்து வாசித்து, "இதுல ஒண்ணும் இல்ல, மழ கணக்கு" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

ஒவ்வொரு மழைமானிக்கும்:
    அளவைப் பார்
    எல்லை தாண்டியதா? பதிலை எழுதி வை
    பதில் "ஆம்" என்றால்:
        சைரனை ஊது

அவ்வளவுதான். பிழை இருந்தால் அது என் பிழை. அஸ்ஹர் ஐயாவிடம் இதையே கொடுங்கள். இதற்கு மேல் தேட வேண்டாம் அக்கா.

உங்கள் தம்பி
பிரதாப்


மஸ்கெலியா
12.09.2024

அன்புத் தம்பி,

உனக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? மறைக்காமல் எழுது. நீ அனுப்பியதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பயம்தான் வருகிறது.

இது பழையது. நான் திருத்துவதற்கு முன்னால் இருந்தது. இதில் ஒவ்வொரு மானிக்கும் ஒரு தரம் ஊதும். இது அன்றைக்கு ஓடியிருந்தால் சனம் வாளியோடாவது வெளியே வந்திருக்கும். நான் கேட்டது கடைசியாக ஓடியதை. சொந்த நிரலை மறக்கிற ஆளா நீ? மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வாயே.

பரவாயில்லை. பொலிஸ் எடுத்துப்போன உன் லப்டொப்பில் இருப்பதன் நகலை நீதிமன்றம் மூலமாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அஸ்ஹர் விண்ணப்பம் போட்டுவிட்டார்.

நேற்றுத் தண்ணீர் பைப்படியில் அம்மாவின் முறை வந்ததும் எல்லாரும் வரிசையை விட்டு விலகி நின்றார்கள். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. அம்மா தொட்ட குழாயைக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவள் குடத்தை வைத்தாள். அம்மா அழவில்லை. வந்து குடத்தை இறக்கிவிட்டு, "எம் புள்ள அப்புடி செய்ய மாட்டான்டி" என்று மட்டும் சொன்னார். அதற்காகவாவது நான் இதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளாஸ்டர் வெட்டியாயிற்று. தடி ஊன்றி நடக்கிறேன். அடுத்த மாதம் நானாவின் லொறியில் உன்னைப் பார்க்க வருகிறேன்.

உன் அக்கா
நிஷாந்தி


கொழும்பு
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் நடப்பது சந்தோஷம். ஈரத்தில் தடி வழுக்கும், கவனம்.

என்னைப் பார்க்க வர வேண்டாம். வந்தாலும் நான் வெளியே வந்து பார்க்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குப் பக்கத்தில் படுப்பவர் ராகலைக்காரர். மரக்கறி லொறி ஓட்டியவர். மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நானும் உட்கார்ந்துவிடுவேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வழக்கின் அடுத்த தவணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அஸ்ஹர் ஐயாவுக்கும் எழுதிவிட்டேன். நிரல் முழுவதும் நான் எழுதியது, வேறு யாரும் தொடவில்லை என்று பொலிஸிலும் சொல்லியிருக்கிறேன். அந்த நகலைக் கேட்க வேண்டாம் என்று நீங்களும் அவரிடம் சொல்லுங்கள்.

சின்ன வயதிலிருந்து நீங்கள் சொன்னதைத்தான் கேட்டேன். இந்த ஒரு தரம் நான் சொல்வதைக் கேளுங்கள் அக்கா.

பிரதாப்


மஸ்கெலியா
03.11.2024

பிரதாப்,

அம்மா சுகம். என்னைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதமும் நகலும் ஒரே நாளில் வந்தன. அஸ்ஹர் கொண்டுவந்து, "வாசிச்சுப் பாருங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல" என்று நீட்டினார். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அத்தனை அழகாக இருந்தது. எல்லா வரியும் நேர். ஒரு சொல் கூட அதிகம் இல்லை. இதுதான் என் கை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வாசித்தேன்.

ஒவ்வொரு மழைமானிக்கும்:
    அளவைப் பார்
    எல்லை தாண்டியதா? பதிலை எழுதி வை
பதில் "ஆம்" என்றால்:
    சைரனை ஊது

ஒரு தரம் மட்டும் ஊத வேண்டும் என்றாயே. அதற்காகக் கடைசி இரண்டு வரியை ஓரத்துக்கு இழுத்தேன். இப்போது அவை சுற்றுக்கு வெளியே. ஐந்து மானியையும் கேட்டு முடித்த பிறகு ஒரே தரம் ஊதும். எவ்வளவு சுத்தமான வேலை! ஆனால் பதிலை எழுதி வைக்க ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. இரண்டாவது மானியின் பதில் முதலாவதின் மேல் எழுதப்படும். மூன்றாவது, இரண்டாவதின் மேல். சைரனிடம் போய்ச் சேர்வது ஐந்தாவதின் பதில் மட்டும்.

கங்காணி காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, ஐந்து பேரிடமும் "மலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார் என்று வை. நாலு பேர், "வேணாங்க, மண்ணு சரியுது" என்று கத்துகிறார்கள். கடைசியில் நிற்பவன், "போகலாங்க" என்கிறான். கங்காணி அவன் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாரையும் அனுப்புகிறார். அப்படி ஒரு கங்காணியைத்தான் நான் செய்து தந்திருக்கிறேன்.

நகலோடு அன்றைய அளவுகளும் இருக்கின்றன. மேலே இருந்த நாலு மானியும் ஆம், ஆம் என்று மாலை முழுவதும் சொல்லியிருக்கின்றன. ஆற்றோரத்தில் இருந்த ஐந்தாவதின் பக்கம் மழை குறைவு. அது இல்லை என்றது.

உனக்கு இது தெரியும். தெரிந்துதான் பழையதை எழுதி அனுப்பினாய். பிழையைக் கண்டுபிடிக்கிறேன் என்று நான் துள்ளத் துள்ள, நீ மழையையும் மலையையும் காட்டினாய். என் தம்பி என்னை முட்டாளாக்கி வைத்திருந்தான் என்று உன் மேல் ஆத்திரம் வருகிறது. அடுத்த நிமிடம் உன் காலைப் பிடித்து அழ வேண்டும் போல் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது என்று தெரியவில்லை.

மீனம்மா அத்தை இப்போதும் எனக்கு எதிர்ப்பாயில்தான் படுக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது. நான் பொலிஸுக்குப் போகிறேன். நீ ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதே.

நிஷாந்தி


கொழும்பு
08.11.2024

அன்புள்ள அக்கா,

இதை அஸ்ஹர் ஐயா கையில் கொடுத்துவிடுகிறேன். கிடைத்தவுடன் வாசியுங்கள். எங்கேயும் போகாதீர்கள்.

நீங்கள் திருத்திக் கொடுத்தீர்கள், உண்மை. ஆனால் ஓடவிட்டது நான். சோதித்துப் பார்த்ததும் நான். எப்படிச் சோதித்தேன் தெரியுமா? அஞ்சு பொடியன்களைக் கூட்டிப்போய் ஐந்து மானியிலும் ஒரே நேரத்தில் வாளியால் தண்ணீர் ஊற்ற வைத்தேன். ஐந்தும் ஆம் என்றன. சைரன் ஒரு தரம் நீட்டி ஊதியது. சனம் கைதட்டியது. ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது என் வேலை, உங்களுடையது அல்ல.

சரிவுக்கு மறுநாள் பொலிஸ் என்னை உட்கார வைத்து லப்டொப்பைத் திறக்கச் சொன்னது. திறந்ததுமே கண்டுவிட்டேன். என் பழைய எழுத்தாக இருந்திருந்தால் தேடியிருப்பேன். நீங்கள் எழுதியது அவ்வளவு தெளிவாக இருந்தது. நீங்கள் அப்போது கிளங்கன் ஆஸ்பத்திரியில் கால் உடைந்து கிடந்தீர்கள். உங்களிடம் வந்து எப்படிச் சொல்வேன்?

எனக்கு மறியல் பழகிவிட்டது. நீங்கள் உள்ளே வந்தால் நான் வெளியே வருவேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரும் உள்ளே இருப்போம். அம்மாவுக்கு வெளியே ஒரு பிள்ளை வேண்டும். காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பிரதாப்


பாடசாலை முகாம்,
மஸ்கெலியா.
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மறியலில் பெண்கள் பக்கத்தில் குளிர் அதிகம் என்று அஸ்ஹர் ஐயா சொன்னார். அம்மாவின் கம்பளியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா? காலில் இன்னும் வீக்கம் இருக்கிறதா? இருந்தால் வெட்கப்படாமல் மருந்து கேளுங்கள்.

எனக்குப் பிணை கிடைத்து வந்து இன்றோடு மூன்றாவது வாரம். வழக்கு என் மேலும் நிற்கிறது, ஆனாலும் நான் இங்கே இருக்கிறேன். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். நான் எழுதிய கடைசிக் கடிதம் வருவதற்கு முன்பே நீங்கள் பொலிஸுக்குப் போய்விட்டீர்கள் என்று அம்மாதான் சொன்னார். நான் வாசலில் வந்து நின்றபோது என்னைப் பார்த்து, "ஒண்ண குடுத்துத்தான் ஒண்ண வாங்கணுமா?" என்று கேட்டார். சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முகாமில் இப்போது ஏசுகிறவர்கள் உங்களை ஏசுகிறார்கள். படித்த திமிர் என்கிறார்கள். மூன்று தரம் ஊத வேண்டாம் என்று முதலில் சொன்னது யார், யார் உங்களிடம் திருத்தக் கேட்டது என்று நான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

நேற்று மீனம்மா அத்தை என்னிடம் வந்தார். கையில் ஒன்றும் இல்லை, முகத்திலும் ஒன்றும் இல்லை. "அந்த மிஷினு படிக்கிற கடுதாசிய எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். பழையதையும் நீங்கள் திருத்தியதையும் வரி வரியாகத் தமிழில் வாசித்தேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்.

"எங்க லயத்துக்கு மேல இருந்தது எத்தனாவது டப்பா?"

"நாலாவது, அத்த."

"அது அன்னிக்கு என்னா சொல்லுச்சு?"

"ஓடச் சொல்லுச்சு."

"ஒரு தரமா?"

"அன்னிக்கு அந்தி முழுக்க சொல்லிருக்கு அத்த. அஞ்சாவது ஒவ்வொரு தரமும் அதுக்கு மேல வேணாம்னு எழுதிருச்சு."

அவர் என் கையில் இருந்த கடதாசியைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நாலாவது எங்கே என்று காட்டச் சொன்னார். அதில் நாலாவது என்று தனியாக ஒரு வரி இல்லை அக்கா, ஐந்துக்கும் சேர்த்து ஒரே வரிதான். நான் அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரியாத்தான் சொல்லிருக்கு" என்றார்.

எழுந்து போனவர் வாசலில் நின்று, "ஒங்க அக்காளுக்கு கேஸ் என்னைக்கு?" என்று கேட்டார். தைப்பொங்கல் முடிந்து வருகிற வெள்ளி என்றேன்.

"நானும் கோட்டுக்கு வாறேன்" என்றார்.

யாருக்காக என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை எங்களோடு அதே பஸ்ஸில் அவரும் வருவார். நீங்கள் கூண்டில் ஏறியதும் முதலில் அம்மாவைப் பாருங்கள்.

உங்கள் தம்பி
பிரதாப்